மண்ணுக்கடியில் ஆறு நகரங்கள்: கைஃபெங் நகரம் சொல்லும் வணிகப் பாடம்

கடை கட்டுவதற்கு வாணம் தோண்டும்போது பழைய செங்கல்லோ, உடைந்த பானை ஓடோ கிடைத்தால், "முன்பு யாரோ இங்கே குடியிருந்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வது நம் வழக்கம். சீன நாட்டின் ஹெனான் மாகாணத்தில் கைஃபெங் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே வாணம் தோண்டினால் இரண்டு செங்கல்லோடு விஷயம் முடிவதில்லை. ஒரு தெரு கிடைக்கும். அந்தத் தெருவுக்குக் கீழே இன்னொரு தெரு கிடைக்கும். அதற்கும் கீழே மற்றொன்று.

சீனப் பேரரசுகளின் செல்வத்தைப் பற்றிப் பேசினாலே தங்கப் புதையல், அரச சமாதி, கடலில் மூழ்கிய கப்பல் என்று நம் நினைவு ஓடுகிறது. வணிகர்களாகிய நமக்கு அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. பத்து லட்சம் பேர் வாழ்ந்து, உலகத்திலேயே பெரிய சந்தைகளில் ஒன்றாக விளங்கிய நகரம் எப்படி மண்ணுக்குள் போயிற்று? ஒரே நாளில் போயிற்றா? அல்லது போவதற்கு முன்பே ஏதாவது அடையாளம் தெரிந்ததா? தெரிந்திருக்கிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

அடுக்கு மேல் அடுக்கு

கைஃபெங்குக்கு வடக்கே மஞ்சள் ஆறு ஓடுகிறது. உலகிலேயே அதிகமாக வண்டல் சுமக்கும் ஆறுகளில் அது ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலைக் கொண்டு வந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மண் ஆற்றின் அடியில் படிகிறது. படுகை உயர்கிறது. வெள்ளத்தைத் தடுக்கக் கரையை உயர்த்துகிறார்கள். படுகை மறுபடியும் உயர்கிறது. இப்படியே போய், கைஃபெங் பகுதியில் ஆற்றின் அடித்தரையே நகரத் தெருக்களைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கரை உடைந்தால் நகரத்தின்மேல் தண்ணீரோடு மண்ணும் வந்து விழும். தண்ணீர் வடிந்துவிடும், மண் தங்கிவிடும்.

அப்படித் தங்கிய மண்ணுக்குள் ஆறு காலத்து நகரங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. சுமார் 3 மீட்டர் ஆழத்தில் சிங் காலத்து நகரம். 5 முதல் 6 மீட்டரில் மிங் காலத்து நகரம். அதை ஒட்டினாற்போல் ஜின் காலத்து நகரம். சுமார் 8 மீட்டரில் சொங் அரச மரபின் தலைநகரம். சுமார் 10 மீட்டரில் தாங் காலத்து நகரம். அதற்கும் கீழே, கி.மு. காலத்து வெய் நாட்டின் தலைநகரமான தாலியாங். இப்போது மக்கள் நடமாடுவது ஏழாவது அடுக்கு.

இந்த அடுக்குகள் பெரும்பாலும் வேறு வேலைக்காகத் தோண்டியபோதுதான் வெளிப்பட்டன. 1981இல் ஒரு பூங்காவின் ஏரியைத் தூர் வாரினார்கள். அப்போது மிங் காலத்து இளவரசர் ஒருவரின் அரண்மனை தென்பட்டது. அதற்கும் கீழே சொங் பேரரசர்களின் அரண்மனை இருந்தது. 1984இல் ஜோங்ஷான் சாலையில் கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது, சுமார் 4 மீட்டர் ஆழத்தில் ஒரு கல் பாலம் கிடைத்தது. ஜோவ் பாலம் என்பது அதன் பெயர். தாங் காலத்தில் கட்டி, சொங் காலத்தில் புகழ் பெற்று, மிங் காலத்தில் மீண்டும் எடுத்துக் கட்டிய பாலம் அது. 2018 முதல் அந்த இடத்தை முறையாக அகழ்ந்தார்கள். பாலத்துக்கு அருகே கால்வாயின் இரு கரைகளிலும் கடல் குதிரை, பறக்கும் கொக்கு, மேகம் செதுக்கிய சொங் காலத்துக் கற்சுவர்கள் வெளிவந்தன. அவற்றின் உயரம் சுமார் 3.3 மீட்டர். ஒரு கரையில் 23 மீட்டர் நீளமும் மறுகரையில் 21 மீட்டர் நீளமும் தெரிந்தன.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி, நகரத்தின் நடுத்தெரு இடம் மாறவே இல்லை என்பதாகும். சொங் பேரரசரின் ராஜ வீதி ஓடிய அதே கோட்டின்மேல்தான் இன்றைய ஜோங்ஷான் சாலை ஓடுகிறது. ஒவ்வொரு முறை புதைந்தபோதும், மிஞ்சியவர்கள் பழைய தெருவின் நேர் மேலே புதுத் தெருவை அமைத்துக் கடை திறந்திருக்கிறார்கள்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கடைவீதி

கி.பி. 960 முதல் 1127 வரை வடக்குச் சொங் மரபின் தலைநகரம் கைஃபெங். அதற்கு முன் தாங் காலத்தில், பெரிய நகரங்களில் வியாபாரம் மதில் சூழ்ந்த சந்தைப் பேட்டைக்குள் மட்டுமே நடந்தது. முரசு அடித்தால் திறக்கும். முரசு அடித்தால் மூடும். சொங் காலத்தில் அந்தக் கட்டு தளர்ந்தது. கடைகள் தெருவைப் பார்த்து வாசல் வைத்தன. 965இல் தலைநகரின் இரவுச் சந்தையை மூன்றாம் சாமம் வரை தடுக்கக் கூடாது என்று அரசாணையே பிறந்தது.

மெங் யுவான்லாவ் என்பவர் இளமையில் அந்த நகரத்தில் வாழ்ந்தவர். நகரம் வீழ்ந்த பிறகு, தெற்கே அகதியாக இருந்தபடி, 1147இல் தம் நினைவில் இருந்த நகரத்தைத் தெருத் தெருவாக எழுதி வைத்தார். எந்த முக்கில் எந்தக் கடை, எந்த நேரத்தில் எது விற்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. தங்கம், வெள்ளி, பட்டு விற்ற ஒரு சந்தில் நடந்த பேரங்களின் தொகை கேட்பவரைத் திகைக்க வைக்கும் என்கிறார். பெரிய மதுக்கடைகள் 72 இருந்தன என்கிறார்.

அவர் சொல்லும் ஒரு வழக்கம் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும். பெரிய மதுக்கடைக்காரர்களிடம் சில்லறைக் கடைக்காரர் இரண்டு மூன்று தடவை சரக்கு எடுத்திருந்தால் போதும். அடுத்த முறை 300, 500 லியாங் பெறுமானமுள்ள வெள்ளிப் பாத்திரங்களையே அவரிடம் இரவல் கொடுத்து விடுவார்களாம். (ஒரு லியாங் சுமார் 40 கிராம்.) ஏழை வீட்டில் இருந்து சொல்லியனுப்பினால்கூட வெள்ளிப் பாத்திரத்தில்தான் அனுப்புவார்களாம். இரவு முழுவதும் குடித்துக் கொண்டிருந்தால், மறுநாள் போய்ப் பாத்திரத்தை வாங்கி வருவார்களாம். ஒரு நகரத்தின் செல்வத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. நமது தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். கைஃபெங்கில் இரண்டும் சேர்ந்தே புழங்கின.

சோழ நாட்டிலிருந்து போனவர்கள்

அந்தத் தெருக்களில் தமிழ்நாட்டவரும் நடந்திருக்கிறார்கள். இராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சொங் அரசவையை அடைந்தது. குவாங்சோ துறைமுகம் வந்து சேர வழியில் 1,150 நாட்கள் ஆயின என்று சீன அரசின் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1077இல், 72 பேர் கொண்ட குழு ஒன்று போனது. அவர்கள் கொண்டு சென்ற காணிக்கைப் பொருள்களுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக் காசுகள் கிடைத்தன. சரம் என்பது நடுவில் சதுரத் துளையிட்ட காசுகளைக் கயிற்றில் கோத்த கட்டு. ஒரு சரத்துக்கு 1,000 காசு என்று கொண்டால், 8 கோடிக்கு மேல் ஆகிறது. தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்திருப்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

அதே 1077ஆம் ஆண்டில் கைஃபெங் நகரத்தில் மட்டும் வசூலான வணிக வரி 4 லட்சம் சரத்துக்கு மேல்.

அன்றே பணம் தந்த உண்டியல்

இவ்வளவு வியாபாரத்துக்கும் காசைச் சுமந்து மாளாது. ஆகவே 970இல் கைஃபெங்கில் அரசு ஓர் அலுவலகம் திறந்தது. வியாபாரி தலைநகரில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கிக் கொள்வார். வேண்டிய ஊருக்குப் போய், அங்குள்ள அரசுக் கருவூலத்தில் சீட்டைக் காட்டிப் பணம் பெறுவார். நமது பழைய உண்டியல் முறையேதான். இன்று கைப்பேசியில் பணம் அனுப்புகிறோமே, அதற்கும் அடிப்படை இதுதான்.

இந்தத் திட்டம் வெற்றி பெற்றதற்கு ஒரு விதி காரணம். சீட்டோடு வியாபாரி வந்த அன்றைக்கே பணம் கொடுத்துவிட வேண்டும். தாமதித்த அதிகாரிக்குத் தண்டனை. "நாளை வாருங்கள்" என்ற பேச்சுக்கே இடமில்லை. இதனால் நம்பிக்கை வளர்ந்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டுக்கு 17 லட்சம் சரத்துக்கு மேல் இப்படிக் கட்டினார்கள். 1021 வாக்கில் அது மேலும் 11 லட்சம் சரத்துக்கு மேல் கூடியது.

பதினாறு கடைகளின் கதை

அதே காலத்தில், மேற்கே சிச்சுவான் பகுதியில் செப்புக் காசு இல்லை. இரும்புக் காசுதான் செல்லும். ஒரு சுருள் பட்டுத்துணி வாங்க 20,000 இரும்புக் காசு. அதன் எடை 130 ஜின், அதாவது 80 கிலோவுக்கு மேல். துணியை ஒரு கையில் தூக்கிக் கொண்டு போகலாம். விலையைக் கொண்டுவர ஆள் வைக்க வேண்டும்.

இதற்கு வழி கண்டவர்கள் செங்து நகரத்து வணிகர்கள். 16 பணக்காரக் கடைகள் சேர்ந்து, இரும்புக் காசை வாங்கி வைத்துக் கொண்டு காகிதச் சீட்டு கொடுத்தன. ஜியாவ்ஸி என்று அதற்குப் பெயர். உலகின் முதல் காகிதப் பணம் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்வது இதைத்தான். சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் சரத்துக்கு 30 காசு கழித்துக் கொண்டு மீதியைத் தருவார்கள். நெல் அறுவடையும் பட்டுக்கூடும் சந்தைக்கு வரும் காலங்களில் சீட்டு பறந்தது.

பிறகு நடந்ததை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். கையில் குவிந்த காசு தங்களுடையது என்று அந்தக் கடைக்காரர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். கிட்டங்கி வாங்கினார்கள். வீடு, தோட்டம், நிலம் வாங்கினார்கள். நகை, மணி வாங்கினார்கள். சொத்து மதிப்பு இருந்தது. கையில் காசு இல்லை. ஒருநாள் சந்தேகம் கிளம்பியது. சீட்டு வைத்திருந்தவர்கள் கூட்டமாக வந்து கதவைத் தட்டினார்கள். கடைகள் கதவைச் சாத்தின. அதிகாரிகள் தலையிட்டு வசூலித்துக் கொடுத்தபோது, ஒரு சரத்துக்கு 700, 800 காசுதான் கிடைத்தது. வழக்குகள் பெருகின.

இறுதியில் அரசே பொறுப்பேற்றது. 1023இல் அலுவலகம் அமைத்து, 1024இல் முதல் தவணைச் சீட்டுகளை வெளியிட்டது. மொத்தம் 12,56,340 சரம். அதற்கு ஆதாரமாக இரும்புக் காசு 3,60,000 சரம் கருவூலத்தில் இருந்தது. ஏறக்குறைய நூற்றுக்கு 28 பங்கு. குறித்த தவணை முடிந்தால் பழைய சீட்டை வாங்கிக் கொண்டு புதிய சீட்டு தருவார்கள். இந்த ஒழுங்கு இருந்தவரை சீட்டுக்கு மதிப்பும் இருந்தது.

பிறகு எல்லைப் போர்கள் வந்தன. படைச் செலவுக்குச் சீட்டு அச்சடித்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதல் தவணையைப் போல 20 மடங்குக்கு மேல் சீட்டு புழங்கியது. மாற்றப் போனவரிடம் பழைய சீட்டு நான்கை வாங்கிக் கொண்டு புதியது ஒன்றைக் கொடுத்தார்கள். 1107இல் சீட்டுக்கு வேறு பெயர் வைத்தார்கள். ஆதாரக் காசு வைக்கும் வழக்கமும் போயிற்று. பெயர்ப் பலகையை மாற்றினால் பழைய பாக்கி தீர்ந்துவிடும் என்ற எண்ணம் அன்றும் இருந்திருக்கிறது.

தூர் வாராத இருபது ஆண்டுகள்

இப்போது கால்வாய்க்கு வருவோம். கைஃபெங்கின் உயிர்நாடி பியன் கால்வாய். தென்கிழக்கு மாநிலங்களின் அரிசியை அதுதான் கொண்டு வந்தது. ஆண்டுக்கு 60 லட்சம் ஷி என்று அளவு வைத்திருந்தார்கள். ஒரு ஷி சுமார் 60 கிலோ. ஆகவே 3 லட்சம் டன்னுக்கு மேல். தலைநகரின் படையும் மக்களும் இந்த அரிசியை நம்பித்தான் இருந்தார்கள். ஜாங் செதுவான் வரைந்த, 5 மீட்டருக்கு மேல் நீளமுள்ள புகழ்பெற்ற கைஃபெங் ஓவியத்தின் நடுவே பாலத்தடியில் நுழையும் சரக்குப் படகைப் பார்க்கலாம். அது இந்தக் கால்வாய்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

கால்வாய்க்குத் தண்ணீர் தந்தது மஞ்சள் ஆறு. ஆகவே வண்டலும் சேர்ந்து வந்தது. சொங் ஆட்சியின் தொடக்கத்தில் இதற்கு நல்ல ஏற்பாடு இருந்தது. தலைநகரைச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட வட்டங்களின் ஆட்களைத் திரட்டி, ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் தூர் வாரினார்கள்.

அது எப்படிக் கெட்டது என்பதை ஷென் குவோ என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். அவர் 1072இல் அந்தக் கால்வாயையே அளந்து, அதன் சரிவைக் கணக்கிட்ட அதிகாரி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தலைநகர் வட்டாரத்தின் சாக்கடைகளைச் சீர்செய்யும் பொறுப்பு ஓர் அதிகாரிக்கு வந்தது. அதற்கு ஆள் போதவில்லை. கால்வாய் தூர் வாரும் ஆட்களைத் தற்காலிகமாக எடுத்துக் கொண்டார். நல்ல காரியத்துக்குத்தான் எடுத்தார். ஆனால் அதோடு வழக்கம் மாறியது. ஆண்டுக்கு ஒரு முறை என்பது மூன்றாண்டுக்கு ஒரு முறை ஆயிற்று. உள்ளூர் அதிகாரிகளுக்குக் கால்வாய்ப் பொறுப்பு என்று பட்டம் கொடுத்தார்கள். நாளடைவில் பட்டம் இருந்தது, வேலை நின்றது. தொடர்ந்து இருபது ஆண்டுகள் தூர் வாரவே இல்லை.

விளைவு என்ன தெரியுமா? தலைநகரின் கீழை நீர்வாயிலில் இருந்து அடுத்த ஊர்கள் வரை, கால்வாயின் அடித்தரை வெளியில் உள்ள நிலத்தைவிட 12 அடிக்கு மேல் உயர்ந்துவிட்டது. கரையில் நின்று பார்த்தால் குடியிருப்புகள் ஆழமான பள்ளத்தாக்கில் இருப்பது போலத் தெரிந்தன என்கிறார் ஷென் குவோ. முன்பு நகரத்துச் சாக்கடை நீர் கால்வாயில் போய் விழும். இப்போது கால்வாய் மேலே, சாக்கடை கீழே.

அந்த இருபது ஆண்டுகளிலும் படகுகள் ஓடின. அரிசி வந்தது. கடைகள் நடந்தன. யாரும் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்குச் சொன்ன பழமொழி. வண்டலுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

கொள்ளை போனதும் மூழ்கியதும்

1126ஆம் ஆண்டு குளிர்காலத்தில் வடக்கே இருந்து வந்த ஜுர்ச்சென் படை கைஃபெங்கை முற்றுகையிட்டது. நகரம் வீழ்ந்தது. ஒரு கோடி தங்கக் கட்டி, இரண்டு கோடி வெள்ளிக் கட்டி, ஒரு கோடி சுருள் பட்டு என்று வெற்றி பெற்றவர்கள் கேட்டார்கள். அவ்வளவு எந்த நகரத்திலும் இருக்க முடியாது. அதிகாரிகள் வீடு வீடாகத் துருவி எடுத்தார்கள். 1127இல் அப்போதைய பேரரசரும், அவர் தந்தையான முன்னைப் பேரரசரும் சிறைப்பட்டு வடக்கே போனார்கள்.

அடுத்த ஆண்டு, எதிரிப் படையைத் தடுப்பதாக நினைத்து, சொங் தளபதி து சோங் மஞ்சள் ஆற்றின் கரையை வெட்டிவிட்டார். எதிரி நிற்கவில்லை. ஆறு மட்டும் தடம் மாறித் தெற்கே திரும்பியது. 1855இல்தான் அது மறுபடியும் வடக்கே போயிற்று. அந்த ஏழு நூற்றாண்டுகளில் பழைய கால்வாய் வழிகள் சிதைந்து மண் மூடின. தங்கத்தைப் பறிகொடுத்த நகரம் மறுபடியும் சம்பாதிக்கலாம். சரக்கு வரும் வழியை இழந்த நகரத்துக்கு அது எளிதல்ல. கைஃபெங் பிறகும் தலைநகராக, மாகாண நகராக இருந்தது. ஆனால் பழைய உயரத்தை எட்டவே இல்லை.

1642இல் நடந்தது அதைவிடக் கொடுமை. மிங் ஆட்சியின் கடைசி ஆண்டுகள். லி ஸிசெங் என்ற கலகத் தலைவனின் படை நாட்டைச் சூறையாடிக் கொண்டிருந்தது. 1641இல் லோயாங் நகரத்தில் இருந்த ஃபூ இளவரசர் பெரும் செல்வந்தர். காவல் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடக் கருவூலத்தைத் திறக்க மனம் வரவில்லை. பசித்த வீரர்களே மதிற்கதவைத் திறந்து விட்டார்கள். இளவரசர் உயிரிழந்தார், கருவூலம் கலகக்காரரிடம் போயிற்று.

கைஃபெங்கில் இருந்த ஜோவ் இளவரசர் அதற்கு நேர்மாறாக நடந்தார். கருவூலத்தைத் திறந்து வெள்ளியை வீரர்களுக்குக் கொடுத்தார். அதனால் நகரம் இரண்டு முற்றுகைகளைத் தாங்கியது. மூன்றாம் முற்றுகை மாதக்கணக்கில் நீண்டபோது தானியம் தீர்ந்தது. வெள்ளி இருந்தது; வாங்குவதற்கு அரிசி இல்லை. 1642 இலையுதிர் காலத்தில் மஞ்சள் ஆற்றின் கரை உடைந்து நகரம் மூழ்கியது. கரையை உடைத்தவர் யார் என்று இரு தரப்பும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினார்கள். சுமார் 3 லட்சம் பேர் மாண்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஜோவ் பாலமும், காலத்துக்குக் காலம் குறுகிப் போய்க் கொண்டிருந்த கால்வாயும் இந்த வெள்ளத்தின் மண்ணில் புதைந்தன. அகழ்வில் அந்த மண்ணுக்கடியில் மனித எலும்புகளும் கிடைத்தன. புதைந்த செல்வத்தைப் பற்றி ஆசையோடு பேசுகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

கைஃபெங்கில் 1049இல் கட்டிய, இரும்பு நிறச் செங்கல் கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. உயரம் சுமார் 55 மீட்டர். இத்தனை வெள்ளத்துக்கும் அது அசையவில்லை. ஆனால் அதன் அடிப்பீடம் மண்ணுக்குள் போய்விட்டது.

நமது கடைக்கு என்ன பாடம்?

இவ்வளவு பெரிய வரலாற்றை ஒரு மளிகைக் கடையோடும் ஜவுளி மொத்தக் கடையோடும் ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கலாம். வண்டல் படியும் முறை எங்கும் ஒன்றுதான். நாம் எடுத்துக் கொள்ள வேண்டியவை இவை.

முதலாவது, நிலுவையை ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். நம் பேரேட்டில் வண்டல் என்பது வராத பாக்கி. லைன் வியாபாரத்தில் ஒவ்வொரு கடையிலும் நூறு, இருநூறு என்று நின்றுவிடும். சரக்கு போகிறது, பணம் வருகிறது, ஆகவே எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். மூன்று மாதத்துக்கு உட்பட்டது, ஆறு மாதம் ஆனது, ஆண்டைத் தாண்டியது என்று பாக்கியைப் பிரித்து எழுதிப் பாருங்கள். கடைசி வரிசையில் உள்ள தொகை நம் முதலைவிட உயர்ந்திருந்தால், கால்வாய் மேலே போய்விட்டது, வீடு பள்ளத்தில் நிற்கிறது என்று பொருள். விற்காமல் கிட்டங்கியில் கிடக்கும் பழைய சரக்குக்கும் இதே கணக்குதான்.

இரண்டாவது, பிறர் பணத்தை நம் பணமாக எண்ணக் கூடாது. மொத்த வியாபாரியிடம் முன்பணம் இருக்கும். கமிஷன் மண்டியில் விவசாயியின் பணம் இருக்கும். நகைக் கடையில் சேமிப்புத் திட்டப் பணம் இருக்கும். செங்துவின் பதினாறு கடைகளும் நேர்மையற்றவர்களால் தொடங்கியவை அல்ல. அடுத்தவர் பணத்தில் மனை வாங்கியதுதான் அவர்களைக் கவிழ்த்தது. மனையின் விலை ஏறியிருக்கலாம். கதவைத் தட்டுகிறவனுக்கு மனையைப் பிய்த்துக் கொடுக்க முடியாது.

மூன்றாவது, கொடுக்க வேண்டியதை அன்றே கொடுப்பது விளம்பரத்தைவிட வலுவானது. கைஃபெங் சீட்டுக்கு மதிப்பு வந்தது அதன் காகிதத்தால் அல்ல. கேட்ட அன்றைக்குப் பணம் கிடைத்தது, அவ்வளவுதான். கொள்முதலுக்குச் சொன்ன தவணையில் பணம் அனுப்புகிற கடைக்கு, தட்டுப்பாட்டுக் காலத்திலும் சரக்கு வரும்.

நான்காவது, பராமரிப்புக்கு ஒதுக்கியதை வேறு நல்ல காரியத்துக்குக்கூட எடுக்கக் கூடாது. தூர் வாரும் ஆட்களைச் சாக்கடைக்கு அனுப்பிய அதிகாரி தவறான எண்ணத்தோடு செய்யவில்லை. அவசரத்துக்கு எடுத்தது வழக்கமாகிவிட்டது. வரிக்கு ஒதுக்கிய பணம், பணியாளர் சம்பளத்துக்கு வைத்த பணம், கடைச் சீரமைப்புக்கு வைத்த பணம் ஆகியவற்றில் கை வைக்கும்போது இந்தக் கதை நினைவுக்கு வரட்டும்.

ஐந்தாவது, பூட்டி வைத்த செல்வம் காவலாகாது. லோயாங் இளவரசரின் கருவூலம் அவருடைய வீரர்களுக்குப் பயன்படாமல் பகைவனுக்குப் பயன்பட்டது. நெருக்கடி வரும்போது நம்மோடு நிற்பவர்கள் பணியாளர்களும் பழைய வாடிக்கைக்காரர்களும்தான். அவர்களுக்குச் சேர வேண்டியதை நல்ல காலத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

வெள்ளிப் பாத்திரத்தை இரவல் கொடுத்த மதுக்கடைக்காரரை இன்று அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் அவர் கண்ணை மூடிக் கொண்டு கொடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டு மூன்று முறை கொடுக்கல் வாங்கல் நடந்த பிறகு கொடுத்தார். மறுநாள் ஆள் அனுப்பித் திரும்ப வாங்கினார். நம்புவதும், நம்பிக் கொடுத்ததைக் காலத்தில் திரும்ப வாங்குவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு பகுதிகள். முதல் பகுதியை மட்டும் வைத்துக் கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால், அங்கே வண்டல் படியத் தொடங்கும்.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாத இறுதியில் கடை மூடிய பிறகு, பேரேட்டை எடுத்து வைத்துக் கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஓராண்டுக்கு மேல் அசையாத பெயர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். மறுநாள் காலை அதில் முதல் பெயருக்குரியவரை நேரில் பாருங்கள். கைஃபெங்கில் இருபது ஆண்டுகள் யாரும் செய்யாமல் விட்ட வேலை அது.